முந்திரிக்கொத்து டின் கடல் கடந்த கதை

கடல் கடந்து குடியேறப் போகிறவர்கள் என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், அம்மியை மட்டும் எடுத்துப்போகாதீர்கள் என்று முதலில் சொல்வேன். என் அக்காள் எஸ்தர் எடுத்துப்போனாள். நாகர்கோவிலிலிருந்து மலாயா வரைக்கும் அந்த அம்மியைத் தூக்கியவர்கள் என்னென்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. நான் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார்.

அக்காளுக்குக் கல்யாணமான மூன்றாம் மாதமே அத்தான் பொன்னையா கப்பலேறிவிட்டார். அங்கே ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் அவருக்கு டிரெசர் உத்தியோகம். புண் கட்டுவது, மருந்து கலக்குவது, ஊசி போடுவது எல்லாம் அவர் பாடு. நாலு வருஷமாக மாதம் தவறாமல் காகிதம் வந்தது. அந்தக் காகிதங்களில் மலாயாவில் பெய்யும் மழையைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டோம்; அத்தானைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. கடைசியில், குடியிருக்க வீடு கிடைத்துவிட்டது, எஸ்தரை அனுப்பிவையுங்கள் என்று எழுதினார். எனக்கு அப்போது பெரிய விடுமுறை. கொண்டுபோய் விட்டுவிட்டு, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் திரும்புகிற கப்பலில் வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

அன்றிலிருந்து எங்கள் வீடு வீடாக இல்லை, கோட்டாற்றுச் சந்தையாகிவிட்டது. மலாயாவில் தின்பதற்குப் பாம்பும் தவளையும்தான் கிடைக்கும் என்று அருமனையிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அவர் கடலையே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். ஆனாலும் அம்மை நம்பினாள். சம்பா அரிசி, பழம்புளி, கருப்பட்டி, உப்புமாங்காய் நிறைத்த பீங்கான் பரணி, தேங்காயெண்ணெய், நெத்திலிக் கருவாடு என்று ஒவ்வொன்றாக வந்து நடுவீட்டில் உட்கார்ந்தன. இவற்றுக்கெல்லாம் மேலே, வெட்டி அவித்து வெயிலில் காயவைத்த மரச்சீனிக் கிழங்கு, வெளியூர்க்காரர்கள் மரவள்ளி என்பார்களே அது, ஒரு சாக்கு நிறைய.

"இதெல்லாம் அங்ஙன கிடைக்காதுன்னு ஆரு சொன்னா?" என்று கேட்டேன்.

"கிடைக்கும்னு உனக்கு ஆருலே சொன்னா?" என்றாள் அம்மை.

கடைசியாக வந்தது முந்திரிக்கொத்து டின். சிறுபயறை வறுத்துப் பொடித்து, கருப்பட்டிப் பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, அரிசிமாவில் முக்கிப் பொரித்தெடுக்கிற பலகாரம் அது. மூன்று மூன்று உருண்டைகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில் கெடாது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் புருஷன் வீட்டில் குடியிருக்கப் போகும்போது இதைக் கொண்டுபோவாள். போன இடத்தில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தன் கையால் கொடுப்பாள். கொடுத்துவிட்டால் அவள் அந்தத் தெருக்காரி. அதற்கப்புறம் பேச்சில்லை.

அம்மை டின்னின் மூடியைச் சுற்றி மெழுகு வைத்து அடைத்தாள். பிறகு அக்காளைப் பார்த்து, "போய் இருந்து பாரு மக்கா. மனசுக்குப் பிடிக்கல்லேன்னா டின்னத் திறக்காதே. தம்பிகூட அதே கப்பல்ல திரும்பி வந்திரு. அம்மைக்கு உனக்குச் சோறு போட முடியும்" என்றாள்.

அக்காள் டின்னைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால் மூன்று மாதம் பார்த்த ஒரு மனிதரை நம்பி, அவள் கடல் தாண்டவேண்டியிருந்தது. எனக்கு அப்போதுதான் கொஞ்சம் பயம் வந்தது.

கப்பலில் எங்களுக்கு மேல்தளத்தில் இடம். பாயை விரித்த இடம்தான் வீடு. ஒருபக்கத்தில் ரப்பர் தோட்டத்துக்குப் போகிற தஞ்சாவூர்ப் பக்கத்து ஜனங்கள். மறுபக்கத்தில் ஒரு சீக்கியர், தன் தலைப்பாகைத் துணியை நாள் முழுவதும் காயவைத்துக்கொண்டிருந்தார். கப்பல் ஆட ஆரம்பித்ததும் யாருக்கும் சோறு வேண்டியிருக்கவில்லை. அக்காள் உப்புமாங்காய் பரணியைத் திறந்து ஒரு துண்டை வாயில் வைத்தாள். முகத்தில் உயிர் வந்தது. பக்கத்தில் சுருண்டு கிடந்த தஞ்சாவூர்ப் பெண்ணுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். அவள் தன் அக்காள் தங்கைகளைக் கூப்பிட்டாள். சீக்கியரும் கை நீட்டினார். பினாங்கு கண்ணில் படுவதற்கு முன்பே பரணியில் உப்புத் தண்ணீர்தான் மிச்சம்.

"போட்டும், பாரம் கொறஞ்சுது" என்றேன்.

"உனக்க அம்மி அங்ஙனதான் இருக்கு" என்றாள். அம்மி எப்போது என்னுடையதாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

பினாங்கில் நேரே இறங்க விடவில்லை. எங்களைப் போன்ற மேல்தளத்துப் பிரயாணிகளை முன்னால் இருக்கிற ஒரு தீவில் சில நாள் நிறுத்திவைத்தார்கள். தொற்று நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அங்கேதான் எங்கள் குடும்பத்துக்குப் பெயர் கிடைத்தது.

கருவாட்டைக் கண்டால் கடலில் எறிந்துவிடுவார்கள் என்று கப்பலில் யாரோ அக்காளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நெத்திலிப் பொட்டலத்தை எடுத்து மெத்தைக்குள் வைத்துச் சுருட்டிக் கட்டிவிட்டாள். தீவில் இறங்கியதும் ஒரு சேவகன் வந்து, "படுக்கை, துணிமணி எல்லாத்தையும் கொண்டாங்க! ஆவியில வச்சு எடுக்கணும்!" என்று கத்தினான். அக்காள் முகம் வெளுத்தது. எனக்கு ஒன்றும் புரியாமல் நானே அந்த மெத்தையைத் தூக்கிக் கொடுத்தேன்.

ஒரு பெரிய இரும்பு அறை. அதற்குள் இருநூறு பேருடைய துணியும் ஆவியில் வேகிறது. கதவைத் திறந்தார்கள். அந்த மணத்தை நான் எப்படி எழுதுவேன்! குளச்சல் கடற்கரை முழுவதையும் ஒரு பானையில் போட்டு மூடித் திறந்ததுபோல இருந்தது. உள்ளே போன சேவகன் போன வேகத்தில் வெளியே வந்தான். காவலாள் ஒருவன் மலாய் மொழியில் ஏதோ கேட்டான். யாருடைய சமையல் இது என்று கேட்டிருக்கிறான். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் தஞ்சாவூர்ப் பெண்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். உப்பில்லாத சோற்றைத் தின்று வாய் செத்துக் கிடந்தவர்கள் அவர்கள். "எங்க ஊரு சந்தை வாசம் வருதுடி!" என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி தன் சேலையை முகர்ந்துபார்த்துவிட்டு, "இதப் பிழிஞ்சா ஒரு வேளைக் கொழம்பாகும்" என்றாள். முகாம் முழுவதும் சிரித்தது. அக்காள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அத்தானைப் பார்க்கும்போது உடுத்த வேண்டும் என்று வைத்திருந்த சேலையும் அந்த மெத்தைக்குள்தான் இருந்தது.

பினாங்குக் கரையில் ரிக்‌ஷா வைத்தோம். ஒன்றில் அக்காளும் டின்னும். இன்னொன்றில் நானும் அம்மியும். ரிக்‌ஷாக்காரர் ஒரு கிழச் சீனர். வண்டியின் கைகளைத் தூக்கினார். அம்மி பின்பக்கம் இருந்ததால் வண்டி அப்படியே பின்னால் சாய்ந்தது; அவர் இரண்டு கால்களும் தரையைவிட்டு எழும்பித் தொங்கினார், நான் மல்லாந்து வானத்தைப் பார்த்தேன். அவர் இறங்கி வந்து, சாக்கை விலக்கி, கல்லைத் தொட்டுப் பார்த்து, என்னைப் பார்த்து, பிறகு தன் மொழியில் நிதானமாக ஒரு நீண்ட வாக்கியம் சொன்னார். யாரும் மொழிபெயர்க்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

அத்தான் தான் வேலைபார்க்கிற ஊரின் ரயில் நிலையத்தில் காத்திருந்தார். வெள்ளைக் கால்சட்டை, தலையில் வெள்ளைக்காரத் துரைகள் போடுகிற சோலார் தொப்பி, காலில் பூட்ஸ். எனக்கே ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. அக்காள் அந்தச் சேலையைத்தான் உடுத்தியிருந்தாள். அவளிடம் வேறு நல்ல சேலை இல்லை. அத்தான் சிரித்துக்கொண்டு வந்தார். கிட்டே வந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். உடனே எடுத்துவிட்டார். ஆனால் அக்காள் பார்த்துவிட்டாள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. வீட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார். அடுப்பு புதிது. புதுப் பானைகள். அக்காள் அன்றைக்கே அம்மியைத் திண்டில் ஏற்றி, தேங்காயும் மிளகாய்வற்றலும் அரைத்து, ஆவிக்குத் தப்பிய கருவாட்டில் ஊர்ப் பக்குவத்தில் குழம்பு வைத்தாள். நாங்கள் ஜெபம் பண்ணி உட்கார்ந்தோம். நாலு வருஷம் கழித்து மனைவி கையால் முதல் சாப்பாடு. அத்தான் ஒரு வாய் வைத்தார். இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். "கொஞ்சம் காரம். இங்ஙன வந்தப்புறம் விட்டுப்போச்சு." பிறகு, நல்ல எண்ணத்தோடுதான், கேட்கக்கூடாததைக் கேட்டார். "எனக்கு மட்டும் சீனர் கடையில கொஞ்சம் வாங்கிட்டு வந்திரட்டுமா?"

அக்காள் குழம்புச் சட்டியை மூடினாள்.

மறுநாள் காலை அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டாள். "மக்கா, நான் உன்கூட வாறேன். இவரு நம்ம ஆளே இல்லடே. கைக்குட்டைய எடுத்தாரு பாத்தியா? நான் வச்ச கறி இறங்கல்ல. நாளைக்கு நானும் இறங்கமாட்டேன்."

பிரித்த மூட்டைகளைத் திரும்பக் கட்டினாள். அடுப்பில் தண்ணீர் தெளித்தாள். டின்னை அலமாரிக்கு மேலே, கை எட்டாத இடத்தில் வைத்தாள். என் கப்பலுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

அத்தான் மாலையில் வந்து கட்டின மூட்டைகளைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. இரு என்று சொல்லவும் தெரியவில்லை. தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, சீனர் கடைக்குப் போய் மூன்று பேருக்கு வாங்கிவந்தார். அக்காள் தொடவில்லை. கருப்பட்டியைக் கடித்துத் தண்ணீர் குடித்தாள். நான் தின்றேன். நூல்நூலாக ஏதோ ஒன்று, முட்டையும் இறாலும் போட்டுப் புரட்டியிருந்தது. மிக நன்றாக இருந்தது. இதை அக்காளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

சும்மா இருக்க முடியாமல் நான் ஊரைச் சுற்றினேன். பாம்பையும் தவளையையும் தேடிச் சந்தைக்குப் போனால், முருங்கைக்காய் இருக்கிறது, வாழைப்பூ இருக்கிறது, தேங்காய் மலையாகக் குவிந்திருக்கிறது. நம்மூர்க் காட்டுப் பலாவான அயனிச்சக்கைக்கு அண்ணன்போல ஒரு பழம். இன்னொரு பழம் முள்ளும் நாற்றமுமாக இருந்தது. நாற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; அந்தத் தீவில் நடந்ததற்கப்புறம், எங்கள் குடும்பத்தார் எந்தப் பொருளின் மணத்தையும் குறைசொல்லும் உரிமையை இழந்துவிட்டோம்.

மெத்தை மட்டும் பின்பக்கத்து வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. எத்தனை வெயில் பட்டாலும் மணம் போகவில்லை. ஒரு மத்தியானம் கூப்பாடு கேட்டுப் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகளின் பூனைகளெல்லாம் மெத்தையின் மேல். அவற்றில் ஒன்று, வால் முறிந்த மஞ்சள் பூனை, நகத்தால் மெத்தையைப் பிறாண்டிப் பஞ்செடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்கப் பக்கத்து வீட்டு அம்மாள் வேலி தாண்டி ஓடிவந்தாள். மலாய்க்காரி. ஹலீமா என்று பெயர். அவள் புருஷன் இப்ராஹிம், ஆஸ்பத்திரி வண்டியோட்டி.

பூனையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு எங்கள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். உள்ளே பார்த்தாள். அணைந்த அடுப்பு. கவிழ்த்துவைத்த பானைகள். அக்காளின் வீங்கின கண்கள். பூனையோடு திரும்பிப் போய்விட்டாள்.

சாயங்காலம் அவள் மகள் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடினாள். நீலப்பூப் போட்ட பீங்கான் கிண்ணம். மேலே வாழையிலைத் துண்டு. அக்காள் இலையை விலக்கினாள். அவித்த மரச்சீனிக் கிழங்கு. வெள்ளை வெளேரென்று வெடித்த கிழங்கு, துருவின தேங்காய், பக்கத்தில் சிவப்பாக நெத்திலித் தொக்கு.

அக்காள் கிழங்கைப் பார்த்தாள். மூலையில் இருந்த சாக்கைப் பார்த்தாள்.

"இது இங்ஙன உண்டா?" என்றாள்.

"வேலிக்குப் பதிலா நட்டிருக்காங்க" என்றார் அத்தான்.

"நீங்க காகிதத்துல எழுதப்பிடாதா? ஒரு சாக்கு, கப்பல்ல, கூலி கொடுத்து..."

"நீ கொண்டு வருவேன்னு எனக்குத் தெரியாதே எஸ்தரு."

நான் சிரித்துவிட்டேன். அக்காள் என்னை முறைத்தாள்; முறைத்துக்கொண்டே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. உட்கார்ந்து கிண்ணத்தை வழித்துத் தின்றாள். தொக்கைத் தொட்டு நாக்கில் வைத்து, "இவளுக்குக் காரம் தெரியுது. இவருக்குத்தான் தெரியல்ல" என்று சுவரிடம் சொன்னாள்.

இனிமேல்தான் தொல்லை. அடுத்த வீட்டுப் பாத்திரம் எங்கள் வீட்டிலிருந்து வெறுமனே திரும்பாது. அம்மை அப்படித்தான் பழக்கியிருக்கிறாள். ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பிடி உப்பையாவது போட்டுத்தான் கொடுப்பாள். அக்காளோ அடுப்பை அணைத்துவிட்டவள். யோசித்து, ஒரு வட்டுக் கருப்பட்டியை வைத்து அனுப்பினாள். "கணக்குத் தீந்துது. இனி நான் ஆருக்கும் ஒண்ணும் செய்யாண்டாம்" என்றாள்.

மறுநாளே கிண்ணம் திரும்பி வந்தது. ஹலீமாவின் வீட்டிலும் அதே பழக்கம் என்று யாருக்குத் தெரியும்! இந்தத் தடவை பச்சை நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள், மேலே தேங்காய்ப்பூ. கடித்தால் உள்ளிருந்து பாகு பீறிட்டது. கருப்பட்டிப் பாகு. எங்களுக்குப் பனையில், அவர்களுக்குத் தென்னையில். மற்றபடி வித்தியாசம் இல்லை.

அக்காளுக்கு ரோசம் வந்துவிட்டது. "நான் அபூர்வமாக் கொடுத்தது அவளுக்க வீட்டுல சாதாரணமா? லே, சந்தைக்குப் போ" என்றாள். முருங்கைக்காய், வாழைக்காய், சேனை எல்லாம் வாங்கிவந்தேன். அடுப்பு எரிந்தது. அம்மி உருண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஹலீமா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, உள்ளே போய்த் தன் வீட்டுக் கல்லை உருட்டிக் காட்டினாள். அவளிடம் அம்மியும் இருந்தது. அப்போது அக்காள் அசடு வழிய என்னைப் பார்த்த பார்வையில், அதைத் தூக்கிவந்த என் தோள்வலி எல்லாம் தீர்ந்தது.

அவியல் போயிற்று. தேங்காய்ப்பாலில் வடித்த சோறு வந்தது. புளிக்கறி போயிற்று. வாழையிலையில் சுட்ட மீன் வந்தது. இந்த வர்த்தகத்துக்கெல்லாம் தூதுவர் அத்தான்தான். அக்காளுக்கு மலாய் தெரியாது, ஹலீமாவுக்குத் தமிழ் தெரியாது. மனைவியிடம் நேரே நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாத மனிதர், ஹலீமா சொன்னதைச் சொல்கிறேன் என்ற சாக்கில் மணிக்கணக்காகப் பேசினார். "வாழையிலைய முதல்ல தீயில வாட்டணுமாம். மஞ்சள் கூடாதாம். உன் கறியில புளிக்கு என்ன போட்டேன்னு கேக்கா." அக்காளும் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள், வேறு வழியில்லை. ஆனால் மூட்டைகள் கட்டினபடியே இருந்தன. டின் அலமாரிக்கு மேலேயே இருந்தது. என் கப்பல் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் ஹலீமா தானே கிண்ணத்தை எடுத்துவந்தாள். கொடுத்துவிட்டும் போகவில்லை. கட்டியிருந்த மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு கண் கலங்க, அத்தானிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். அத்தான் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக மலாயில் ஏதோ சொன்னார். ஹலீமா முகம் மலர்ந்தது.

"என்ன கேட்டா?" என்றாள் அக்காள்.

அத்தான் தரையைப் பார்த்தார். "கிண்ணத்த எப்ப திருப்பித் தருவேன்னு கேட்டா."

அக்காள் அவர் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தாள். "நாளைக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் அக்காள் முக்காலியைப் போட்டு ஏறினாள். டின்னை இறக்கினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னடே அப்படிப் பாக்கே? இவகிட்ட இல்லாதது ஒண்ணாவது நம்மகிட்ட இருக்கணும்லா? அதுக்குத்தான். வேற ஒண்ணும் இல்ல" என்றாள். கத்தியை விட்டு மெழுகைச் சுரண்டினாள். மூடி திறந்ததும் அடுக்களை எங்கள் வீட்டு அடுக்களையாகிவிட்டது. சொல்வதற்கு வெட்கமில்லை, நான் அழுதேன்.

முதல் கொத்தை அத்தான் கையில் வைத்தாள். பிறகு நீலக்கிண்ணத்தை நிறைத்தாள். ஹலீமா ஒன்றைக் கடித்தாள். மென்றாள். தலையைச் சாய்த்து யோசித்தாள். இன்னொன்றைக் கடித்தாள். முதல் தடவையாக, அவளுக்கு அது என்னவென்று தெரியவில்லை. எப்படிச் செய்வது என்று கையைப் பிடித்துக் கேட்டாள். அக்காளுக்கு அந்த நேரத்தில் இருந்த பெருமையை மகாராஜாவின் பத்மநாபபுரம் அரண்மனையில்கூட வைக்க இடம் இருந்திருக்காது. அப்புறம் அவள் ஹலீமாவோடு நிறுத்தவில்லை. எதிர்வீட்டுச் சீன அம்மாள், கோடிவீட்டு யாழ்ப்பாணத்துக் கணக்கர் வீடு, ஆஸ்பத்திரிச் சமையல்காரக் கிழவர் என்று வரிசை முழுவதும் தன் கையால் கொடுத்துவிட்டு வந்தாள்.

நான் மூட்டைகளைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டு நாளில் அவை தாமாகவே அவிழ்ந்துவிட்டன.

நான் புறப்படுவதற்கு முந்தின நாள் இப்ராஹிம் வேலியோரம் நின்று என்னோடு பேசினார். தோட்டத்து ஜனங்களை வண்டியில் ஏற்றி ஏற்றிக் கொஞ்சம் தமிழ் படித்திருந்தார். "அக்கா போகலதானே? என் சம்சாரம் அன்னைக்கு டிரெசர்கிட்ட கேட்டா, அம்மா எப்ப ஊருக்குத் திரும்பிப் போறாங்கன்னு. டிரெசர் சொன்னாரு, நான் கும்பிட்டுக் கேக்கப்போறேன், போகமாட்டா, அப்படின்னு. கேட்டாரா?"

நேரே அக்காளிடம் ஓடினேன். அவள் கறிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அன்னைக்கு அவ கேட்டது கிண்ணத்த இல்ல. நீ எப்பப் போறேன்னு கேட்டிருக்கா. அத்தான் உன்கிட்ட மாத்திச் சொன்னாரு."

அக்காள் குழவியை நிறுத்தவில்லை. "அது எனக்கு அன்னைக்கே தெரியும்டே. கிண்ணத்தத் திருப்பிக் கேக்கதுக்கு ஒருத்தி கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டா நிப்பா? அந்த மனுசன் தொப்பியச் சுத்தின சுத்து எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் கேக்கல்ல?"

"கேட்டா பாவம், என்ன சொல்லுவாரு? அவருக்குப் பேச வராது." அரைத்ததை வழித்தெடுத்தாள். "கும்பிட்டுக் கேக்கப்போறாராமா? வேண்டாம்னு சொல்லு. இந்தக் கறியில மொளகாய் ரெண்டு வத்தல்தான் வச்சிருக்கேன். மாசத்துக்கு ஒண்ணாக் கூட்டிக்கிட்டு வருவேன். ஊர் எரிப்புக்கு வந்து சேர ரெண்டு மூணு வருசம் ஆகும். ஆகட்டும்."

அன்றிரவு அத்தான் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். இருமவில்லை.

ரயில் நிலையத்துக்கு எல்லாரும் வந்தார்கள். அக்காள் என் கையில் முந்திரிக்கொத்து டின்னைக் கொடுத்தாள். கனமாக இருந்தது. "அம்மைகிட்டக் கொடு. வெறும் டின்ன எப்படி அனுப்ப?" என்றாள். ரயில் நகர்ந்தபோது அவள் அழுதாள். அழுதுகொண்டே, பக்கத்தில் நின்ற அத்தானின் கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ் ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் வழக்கமான காற்று முகத்தில் அடித்தது. வாசலில் அம்மை நின்றாள். எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்தாள். யாரும் வரவில்லை. பிறகு என் கையில் இருந்த டின்னைப் பார்த்தாள். மூடியைச் சுற்றி விரலால் தடவினாள். மெழுகு இல்லை.

"ஆரு திறந்தா?"

"அக்காதான்."

"எல்லாருக்கும் கொடுத்தாளா?"

"வரிசை முழுக்கக் கொடுத்தா."

அம்மை டின்னைத் திறந்தாள். ஒரு பக்கம் அந்த ஊர் நெத்திலிக் கருவாடு, மறுபக்கம் இலையில் பொதிந்த தென்னங் கருப்பட்டி. கருப்பட்டியில் ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு டின்னைக் காலிசெய்து, கழுவி, வெயிலில் கவிழ்த்துவைத்தாள். அடுக்களைக்குப் போய்ச் சட்டியை அடுப்பில் வைத்துச் சிறுபயறைக் கொட்டினாள்.

நான் இன்னும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "இப்பவே எதுக்கு? ஆரும்மா கப்பலேறப் போறா?" என்று கேட்டேன்.

"எவனாவது போவான்" என்றாள் அம்மை, பயற்றைக் கிளறிக்கொண்டே.